மச்சமும் மருத்துவமும்

விழா மலரொன்றிலே கல்லூரியின் பழம்பெருமை, ஆசிரியர்தம் தொண்டு, விளையாட்டுத் துறையில் ஈட்டிய வெற்றி என்பனவற்றை எழுதுதலே மரபு. யாமோ உடம்பிலே தோன்றும் ஒரு கரும்புள்ளியைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். தமிழ் கற்பிப்பார்க்கு வைத்தியத்தில் வேலை யாது எனச் சிலர் வினவுதல் கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்குரிய விடை இக்கட்டுரையைப் படித்து முடிப்பார்க்குத் தானே புலப்படும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பிறவியிலோ பின்னரோ தோலில் உண்டாகும் கரும்புள்ளியை நாம் மச்சம் என்கின்றோம், மறு என்கின்றோம். மறு என்னுஞ் சொல் புள்ளியையும் குறிக்கும்; குற்றத்தையும் குறிக்கும். உயர்குடிப் பிறந்தாரிடத்துக் காணப்படுங் குற்றத்தைத் திருவள்ளுவர் திங்களின் மறுவோடு ஒப்பிட்டார். திருமாலின் மார்பிலுள்ள மறுவையோ அடியார் மங்கலமாகப் போற்றினர். ஆகவே ஒரே புள்ளி ஓரிடத்திற் குறையாகவும் பிறிதோரிடத்தில் நிறையாகவும் கருதப்பட்டமை தெளிவு. இது நிற்க, இக்காலத்தார் பேச்சு வழக்கில் மச்சம், மறு, மரு, பாலுண்ணி, கால் ஆணி என்பனவற்றை ஒன்றோடொன்று மயங்கவே வழங்குகின்றனர். சொல் மயங்கிற் பொருளும் மயங்கும். பொருள் மயங்கிற் சிகிச்சையும் மயங்கும். யாம் கூறப்போகும் துன்பம் அத்தகைய மயக்கத்தால் விளைந்ததே.

மச்சத்தைப் பற்றி நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கைகள் பல. முதுகில் மச்சமுடையான் பாக்கியவான், நாவில் மச்சமுடையான் சொன்னது பலிக்கும், உள்ளங்காலில் மச்சமுடையான் கடல் கடந்து செல்வான் என்றெல்லாம் பாட்டிமார் கூறக் கேட்டோம். சோதிட நூல்கள் சிலவற்றிலே பல்லி விழும் பலனுக்குப் பக்கத்தில் மச்ச பலனும் இடம்பெற்றிருத்தலைக் காணலாம். கலியாணம் பேசும்போது பெண்ணின் முகத்து மச்சம் எப்பக்கத்தது என்று உசாவுவோரும் உளர். இவற்றைப் பழிப்பது எம் நோக்கமன்று. பாட்டிமார் அன்பினாற் கூறியவை அவை. ஆயின் பலன் பார்ப்பதற்காக மச்சத்தை உற்று நோக்கும் நாம், அஃது இன்று எவ்வாறிருக்கின்றது, சென்ற ஆண்டு எவ்வாறிருந்தது என்று ஒருகாலும் நோக்குகின்றிலேம். அதுவே எம் குறை.

இனி, மச்சமாவது யாது? நமது தோலுக்கு நிறத்தைக் கொடுப்பது மெலனின் என்னும் நிறமி. அதனை ஆக்குஞ் சிறு கலங்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேரும்போது அங்கே மச்சம் தோன்றுகின்றது. பிறக்கும்போதே சில குழந்தைகட்கு அஃது உண்டு. ஏனையோர்க்குப் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலும் இளமையிலும் தோன்றி, நாற்பது வயதளவில் புதியன தோன்றுதல் அருகிவிடும். வெள்ளைத் தோலினர்க்குப் பத்து முதல் நாற்பது வரை மச்சங்கள் இருத்தல் இயல்பு. நம்போன்ற கருநிறத்தார்க்கு அதனினுங் குறைவு. இவற்றுட் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் ஒரு தீங்குஞ் செய்யாதவை. பாலுண்ணி வேறு, அஃது ஒருவகை வைரசினால் உண்டாவது. கழுத்திலும் கக்கத்திலும் தொங்கும் சிறு மருக்கள் வேறு. அவை தாமாகத் தீங்கு செய்யா, ஆயினும் பலவாகத் தோன்றின் நீரிழிவு உண்டோ எனப் பார்ப்பது நன்று என வைத்தியர் கூறுவர்.

நிறமிக் கலங்கள் கட்டுக்கடங்காது பெருகுமாயின் மெலனோமா என்னும் புற்றுநோய் உண்டாகின்றது. அது சிலவேளை பழைய மச்சத்திலிருந்தும், பெரும்பாலும் மச்சமில்லாத தோலிலே புதிய புள்ளியாகவும் தொடங்கும். உலகில் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலே இந்நோய் மிகுதி. வெண்ணிறத் தோலில் வெயில் படுதலே அங்குப் பெருங் காரணம். கருநிறம் படைத்த நமக்கு இந்நோய் மிக அரிது. நமது நிறமே நமக்குக் குடையாகின்றது. கருமையை இகழ்ந்து பூச்சுகளை நாடும் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக. எனினும் அரிது என்பது இல்லை என்பதன்று. கருநிறத்தார்க்கு இந்நோய் வரும்போது, வெயில் படாத இடங்களாகிய உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவற்றிலேயே பெரிதும் வருகின்றது. வெயிலே காரணம் என எண்ணுவார் ஐயுறாத இடங்கள் அவை. ஆதலாலேயே நம்மவர் காலந் தாழ்த்துகின்றனர். அரிய நோய் கொடிய நோயாகின்றது.

யமேக்கா நாட்டுப் பாடகர் பொப் மார்லியின் வரலாறு இதற்குத் தக்க சான்று. உதைபந்தாட்டத்தில் மிக்க விருப்புடையவர் அவர். 1977-இல் அவரது கால் விரல் நகத்தின் கீழிருந்த புண் மெலனோமா எனத் தெரியவந்தது. பந்தாட்டத்திற் பட்ட காயம் என்றே பலரும் அதனைக் கருதியிருந்தனர். விரலை அகற்றுதலுக்கு அவர் உடன்படவில்லை. 1981 மே 11-இல், தமது 36-ஆம் வயதில் அவர் இறந்தார். நமது மைதானத்தில் பந்து உதைக்கும் மாணவர் எத்தனை பேர் கருத்த நகத்தோடு வீடு செல்கின்றனர்! அவையெல்லாம் நோயென்பது எம் கருத்தன்று. அடிபட்டுக் கன்றிய கறுப்பு, நகம் வளர வளர முன்னோக்கி நகர்ந்து ஈற்றில் நீங்கிவிடும். நீங்காது நிலைப்பதும், அகன்று வருவதும், நகத்தைக் கடந்து அருகிலுள்ள தோலிற் பரவுவதுமே ஐயத்திற்கு உரியன. கருநிறத்தார் பலர்க்கு நகங்களில் நெடுங்கோடுகள் இயல்பாகவே உண்டு. ஒரேயொரு நகத்திற் புதிதாகத் தோன்றும் அகன்ற கோட்டையே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

தொலைவிலுள்ளார் வரலாறு கிடக்க. எமக்கு இக்கல்லூரியிலே தமிழ் கற்பித்த பேராசான் ஒருவர் இருந்தார். அவர் பெயரை ஈண்டுக் கூறோம். பழைய மாணவர் பலர் உய்த்துணர்வர். ஓய்வு பெற்ற பின்னரும் நாடோறும் கோயில் வீதியை வெறுங்காலோடு மூன்று முறை வலம்வந்த பின்னரே உணவு கொள்வார். அவரது குதிகாலின் அடியிலே கரும்புள்ளி ஒன்று தோன்றியது. கால் ஆணி என்றார். அதற்குரிய ஒட்டுத்துணி வாங்கி ஒட்டினார். பின்னர் எவரோ சொன்னாரென எருக்கம்பால் இட்டார். புள்ளி புண்ணாயிற்று, புண் ஆறவில்லை. முள் குத்தியிருக்கும் என்றார். இவ்வாறு இரண்டு ஆண்டுகள் கழிந்தன. தொடைச் சந்திலே நெறி கட்டிய பின்னரே பிள்ளைகள் அவரை வற்புறுத்தி அழைத்துச் சென்றனர். அப்பொழுது நோய் காலைக் கடந்து உள்ளே சென்றுவிட்டது. அடுத்த ஆண்டு விசயதசமிக்கு அவர் இல்லை.

அவரது இறுதிக் கிரியைக்குச் சென்று மீண்ட அன்று எம் உள்ளத்தில் ஒன்று தைத்தது. விசயதசமி நாளிலும் புத்தாண்டு நாளிலும் அவர் பாதங்களைத் தொட்டு வணங்கினோர் நூற்றுக்கணக்கினர். யாமும் அவருள் ஒருவரேம். பாதத்தைத் தொட்டோம், பாதத்தின் அடியை ஒருவரும் பார்த்திலேம். காலைப் பிறர்க்குக் காட்டுதல் மரியாதையன்று என்பது அவர் கொள்கை. ஆசிரியர் காலைக் காட்டுமாறு கேட்டல் அடக்கமன்று என்பது எம் கொள்கை. இவ்விரு கொள்கைகளுக்கும் இடையிலே ஓர் உயிர் போயிற்று. கால் ஆணி என்ற சொல்லை ஐயுற்று ஒருவரேனும் அதனைப் பார்த்திருப்பின், அவர் இவ்விழா மேடையில் அமர்ந்திருத்தலுங் கூடும்.

காலம் எவ்வளவு பெரிதென்பதற்கு ஓர் உண்மை கூறுவோம். மெலனோமா தோலினுள் எத்துணை ஆழஞ் சென்றுள்ளது என்பதை மில்லிமீற்றரில் அளந்து, அவ்வளவைக் கொண்டே நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்கலாம் என 1970-இல் அலெக்சாண்டர் பிரெசுலோ என்னும் அமெரிக்க நோயியலறிஞர் காட்டினார். ஒரு மில்லிமீற்றருக்குங் குறைந்த தடிப்புடன் கண்டு வெட்டி அகற்றப்பட்டாருட் பெரும்பாலோர் நலமே வாழ்கின்றனர். தடிப்பு மிகுந்து நெறி கட்டிய பின்னர் நிலைமை வேறு. அண்மை ஆண்டுகளில் புதிய மருந்துகள் வந்து பலரைக் காத்துள்ளன; ஆயினும் ஆரம்பத்தில் இடும் சிறு வெட்டுக்கு நிகரான மருந்து இன்றும் இல்லை.

அவ்வாறாயின் எந்தப் புள்ளியைக் காட்டுவது, எதனை விடுவது? 1985-இல் நியூயோர்க் நகரத்துத் தோல் வைத்தியர் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் நான்கெழுத்துக்களைக் கொண்டு நான்கு குறிகளை வகுத்தனர். 2004-இல் ஐந்தாவது எழுத்துஞ் சேர்க்கப்பட்டது. அவற்றை மாணவர் நினைவிற் கொள்ளும்பொருட்டு யாம் ஐந்து வகரங்களாக அமைத்துக் கற்பித்து வருகின்றோம். முதலாவது வடிவு: நடுவே கோடு கிழிப்பின் இரு பாதியும் ஒவ்வாதிருத்தல். இரண்டாவது விளிம்பு: ஓரம் தெளிவின்றிக் கிழிந்த இலைபோலிருத்தல். மூன்றாவது வண்ணம்: ஒரே புள்ளியிற் கருமை, கபிலம், செம்மை, நீலம் எனப் பல நிறங் கலந்திருத்தல். நான்காவது விட்டம்: ஆறு மில்லிமீற்றருக்கு மேற்படுதல், பென்சிலின் பின்முனை அழிறப்பர் அவ்வளவினது. ஐந்தாவது வேறுபாடு: சில வாரங்களிலோ மாதங்களிலோ அளவும் நிறமும் தடிப்பும் மாறுதல், கடித்தல், இரத்தங் கசிதல். ஐந்தனுள்ளும் வேறுபாடே தலையாயது. இவற்றுள் ஒன்று இருப்பதனாலேயே நோய் என்று முடிவு செய்தலாகாது. வைத்தியரிடம் காட்டவேண்டும் என்பதே முடிபு. உள்ளங்கால், உள்ளங்கை, நகம் ஆகிய மூவிடத்துப் புதிய புள்ளிக்கு மற்றைக் குறிகளை எதிர்பார்த்திருத்தலும் வேண்டா.

எம் அனுபவத்தையும் சுருங்கக் கூறுவோம். ஆசிரியர் மறைந்த சில மாதங்களில், எம் முதுகிலே முன்பில்லாத மச்சமொன்று இருத்தலை எம் இல்லாள் எண்ணெய் தேய்க்கையிற் கண்டு கூறினார். நாற்பது கடந்தபின் தோன்றிய மச்சம் அது. முதுகு மச்சம் பாக்கியமென முன்பு நகைத்திருப்போம், இம்முறை நகைக்கவில்லை. அரசினர் வைத்தியசாலையின் தோல்நோய்க் கிளினிக்கிற்குச் சென்றோம். விடியற்காலையில் இலக்கம் பெற்று நண்பகல் வரை வாங்கிலிற் காத்திருந்தோம். நிபுணர், ஒளியும் உருப்பெருக்கியும் பொருத்திய சிறு கருவியொன்றை மச்சத்தின்மீது வைத்து நோக்கினார். உச்சிமுதல் உள்ளங்கால் வரை ஏனைய இடங்களையும் பார்த்தார். ஐயத்திற்கு இடமுளது, வெட்டியெடுத்துச் சோதித்தல் நன்று என்றார்.

வெட்டு என்றதும் அஞ்சினோம் என்பதை மறைக்கவேண்டியதில்லை. நிகழ்ந்ததோ மிகச் சிறிது. விறைப்பூசி குத்தும்போது சிறிது எரிந்தது. பின்னர் ஒன்றுந் தெரியவில்லை. மச்சத்தைச் சுற்றிச் சிறிது நல்ல தோலையுஞ் சேர்த்து, இரு முனையுங் கூரிய மீன் வடிவில் வெட்டி எடுத்தனர். மச்சம் என்பதற்கு மீன் என்னும் பொருளும் உண்டாகலின், மச்சத்தை மச்ச வடிவில் எடுத்தீர் என்று யாம் கூற, தமிழறிந்த வைத்தியர் நகைத்தார். எடுத்த இழையம் மருந்து நீர் நிறைந்த சிறு குப்பியில் ஆய்வுகூடத்திற்குச் சென்றது. பதினான்காம் நாள் தையல் பிரித்தனர். சில வாரங்களில் முடிபு கிடைத்தது: தீங்கற்ற மச்சமே. வீணாக வெட்டினீரே என்று நண்பர் ஒருவர் கூறினார். வீணன்று. ஐயத்தோடு உறங்கிய இரவுகள் ஒழிந்தன. அதுவே பெரும் பயன்.

அழகின்பொருட்டு மச்சத்தை அகற்ற விரும்புவாரும் உளர். அதனை யாம் குறை கூறோம். முகத்துப் புள்ளியால் மனம் வருந்தும் மாணவியை, மறுவும் அழகே என்று உபதேசித்து அனுப்புதல் எளிது, வருந்துவார் நாமல்லேம். ஆயின் இரண்டு செய்திகளை அவர் அறிதல் வேண்டும். நம்மவர் தோலிலே தழும்பு தடித்து வளர்தல் மிகுதி. மார்பு, தோள், காது மடல் ஆகியவற்றில் அது சிறப்பாக நிகழும். சிறு புள்ளி போய்ப் பெருந் தழும்பு வருமாயின் யாது பயன்? இதனை முன்னரே வைத்தியரோடு ஆராய்தல் வேண்டும். மற்றொன்று, எடுத்ததை ஆய்வுகூடத்திற்கு அனுப்பாமல் ஒளிக்கதிரினாலோ மின்சூட்டினாலோ எரித்துவிடும் அழகு நிலையங்களை நாடாதிருத்தல். எரித்தபின் எதனைச் சோதிப்பது? சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்திடுதல், குதிரை மயிராற் கட்டுதல், எருக்கம்பால் வார்த்தல் ஆகியனவும் அத்தகையனவே. பாலுண்ணி சில தாமாகவே உதிர்வதாற் பழைய முறைகளுக்குப் பெயர் கிடைத்தது. மச்சத்தில் அவற்றைச் செய்யின் மேற்பரப்பு வெந்துபோக, வேரிலுள்ளது மறைந்து வளரும். பின்னர் நோக்கும் நிபுணரையும் அது மயக்கும்.

இக்கருத்துக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். எல்லாரும் ஒவ்வொரு புள்ளிக்கும் கிளினிக்கிற்கு ஓடின், ஏற்கெனவே நெருக்கடி மிக்க அவ்விடத்தில் உண்மை நோயாளிக்கு இடமிராது என்பர். அம்மறுப்பில் உண்மை உண்டு. நிபுணர் சிலரே, நோயாளர் பலர். ஆதலினாலேயே ஐந்து வகரங்களை ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும் என்கின்றோம். அறிந்தவர் தேவையின்றி ஓடார், தேவையுள்ளபோது தாழ்த்தார். அறியாமையே இரு திசையிலும் கேடு செய்கின்றது. முதலில் அயலிலுள்ள பொது வைத்தியரிடம் காட்டி, அவர் கடிதங் கொடுப்பின் நிபுணரிடஞ் செல்லலாம். நமது நாட்டில் அரசினர் வைத்தியசாலையிற் பார்ப்பதற்கும் வெட்டுவதற்கும் பணங் கொடுக்கவேண்டியதில்லை என்பதையும் மறத்தலாகாது.

இன்னும் சிலர், வருவது வந்தே தீரும், விதியை வெல்வார் யார் என்பர். சைவர் விதியை நம்புபவர்தாம். ஆயின் உடலை ஓம்புதலை உயிரை ஓம்புதலாகவே கொண்டவர் நமது திருமூலர். கோயிலின் கூரை ஒழுகும்போது விதியென்று வாளாவிருப்பாரோ?

கல்லூரியின் விழாவை முன்னிட்டு நாலு கருத்துக்களைப் பணிவுடன் முன்வைக்கின்றோம். ஒன்று, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நம்மவர் வழக்கம். மாதத்தில் ஒருமுறையேனும் அவ்வேளையில் உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், முதுகு ஆகியவற்றை வீட்டார் ஒருவர்க்கொருவர் பார்த்துக்கொள்க. இரண்டு, சுகாதார பாடங் கற்பிப்போரும் விளையாட்டுப் பயிற்சி தருவோரும் ஐந்து வகரங்களைச் சுவரில் எழுதி வைப்பாராக. பந்தாட்டம் முடிந்தபின் கருத்த நகத்தை மறைக்காது காட்டுமாறு மாணவரைப் பழக்குவாராக. மூன்று, நமது பழைய மாணவருள் வைத்தியர் பலர் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சிறந்து விளங்குகின்றனர். விழாவுக்கு வருவோர் ஒரு நாளைக் கல்லூரி மண்டபத்தில் தோற் பரிசோதனைக்கு ஒதுக்கின், ஊரவர்க்கு அஃது ஒரு கட்டடத்தினும் பெரிய கொடையாகும். ஓய்வு பெற்ற ஆசிரியர்களை அன்று முதல் வரிசையில் இருத்துக. நான்கு, வைத்தியர் கூறுவதைத் தமிழில் விளங்கக் கூறும் சிறு கையேடொன்றைச் சங்கம் அச்சிடுக. 1847-இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே தமிழில் மருத்துவங் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பிறமொழியாளராயிருந்தும் அத்தொண்டைச் செய்தார். தமிழராகிய நாம் ஒரு கையேடு எழுத இயலாதோ? சொற்களைத் திருத்தித் தருதல் எம் பங்காகுக.

தமிழ் கற்பிப்பார்க்கு வைத்தியத்தில் வேலை யாதென்னும் வினாவுக்கு இப்பொழுது விடை கிடைத்திருக்கும். கால் ஆணி என்று ஒரு பிழையான சொல் வழங்கிற்று. அச்சொல்லின் நிழலிலே நோய் இரண்டு ஆண்டுகள் ஒளிந்திருந்தது. சொல்லைச் சரியாக வழங்குமாறு கற்பிப்பது எம் தொழில். அத்தொழிலை எமக்குக் கற்பித்த பெருமகனார்க்கு அச்சொல்லைத் திருத்திக் கூற யாம் தவறினோம். அக்கடனை இக்கட்டுரையால் ஒருவாறு தீர்க்க முயல்கின்றோம்.

இதனைப் படித்து முடித்தவர், மலரை மூடிவைத்துத் தம் உள்ளங்காலை ஒருமுறை நோக்குவாராக. பின்னர்த் தம் தாய் தந்தையர் உள்ளங்காலையும் நோக்குவாராக. அவர் மறுப்பினும் விடாது நோக்குக. வணக்கத்தின் ஒரு பகுதியாகவே அதனைக் கொள்க.